சிலிண்டர் பார்க்க வந்த ஷிப்ட் அக்கா

குடிநீர் வாரியத்தில் அவளுக்குப் பெயர் ஷிப்ட் அக்கா. ஓய்வு பெறப் போகிற மேஸ்திரியும் அக்கா என்பார், நேற்று வேலைக்குச் சேர்ந்தவனும் அக்கா என்பான். எந்த நிலையத்தில் எந்த ஷிப்டில் யார் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. ஊரில் ஒரு குழாயில் தண்ணீர் வருகிறது என்றால் எங்கோ ஒரு மோட்டார் ஓடுகிறது. மோட்டார் ஓடுகிறது என்றால் அதன் பக்கத்தில் ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிறான். அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது தலைமை அலுவலகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அக்கா.

நாள் முழுக்க ஃபோன்தான். "அக்கா, மச்சினிக்குக் கல்யாணம், காலை ஷிப்டுக்கு மாத்திவிடுங்க." "அக்கா, முதுகு பிடிச்சுக்கிச்சு." "அக்கா, மச்சினி கல்யாணம்னு சொன்னேன்ல, அது தள்ளிப்போச்சு. அந்த லீவை அப்படியே முதுகுவலிக்கு மாத்திக்கலாமா?" பாதிப் பேருக்கு லீவு கொடுப்பாள். மீதிப் பேரைச் சிரிக்க வைத்தே வேலைக்கு அனுப்பிவிடுவாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவதுபோல் முதலில் இரண்டு மூன்று இழுப்பு. அப்புறம் பிடித்துக்கொண்டால் லேசில் அணையாது. நேரங்காலமும் தெரியாது. கல்யாண ஃபோட்டோக்களில் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள். இந்த வேலைக்கான நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்டவரின் நாற்காலி 'கிறீச்' என்று சத்தம் போட, பதில் சொல்ல வந்தவள் சிரித்துத் தீர்த்துவிட்டு, போச்சு என்று வெளியே வந்து அழுதாள். எப்படியோ வேலை கிடைத்தது. நாற்காலியையும் மாற்றினார்கள்.

வாரியம் முழுக்க அவள் குரலும் சிரிப்பும் தெரியும். முகம்தான் தெரியாது. நிலையங்கள் எல்லாம் ஊருக்கு வெளியே, ஆற்றுப் பக்கம். அக்கா ஒருநாளும் அங்கே போனதில்லை. அனுப்புவதற்கு ஒருவர் வேண்டும், போவதற்கு மற்றவர்கள் வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் குளியல் விவகாரம் வெடித்தது. ஒரு நிலையத்தில் செப்புக் கம்பி காணாமல் போய், யார் எடுத்தது என்று விசாரிக்கப் போனார்கள். கம்பித் திருடன் அகப்படவில்லை. வேறொருவர் அகப்பட்டார். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்; பல மாதங்களாகத் தினமும் காலையில் சோப்பு, துண்டு சகிதம் உள்ளே வந்து பெரிய குழாயடியில் சாவகாசமாகக் குளித்துவிட்டுப் போயிருக்கிறார். புதிதாக மாற்றலாகி வந்த என்ஜினியர் என்று நினைத்து ஊழியர்கள் அவருக்கு வணக்கம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் பதவி உயர்வுக்கு சிபாரிசுகூடக் கேட்டிருக்கிறார். அவரும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

தலைமைப் பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். வாரியத்துக்குப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்தார்கள். பட்டாளத்தில் இருந்து வந்தவர். விறைப்பாக நடப்பார், மீசையைத் தடவாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார். என்ன பதவியில் இருந்தாரோ தெரியாது, எல்லோரும் கேப்டன் என்றார்கள். அவர் வந்ததும் கேமரா, கம்பி வேலி, கழுத்தில் தொங்கும் அட்டை என்று எல்லாம் வந்தன. எல்லாம் வந்த பிறகு, இது வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க ஆசையும் வந்தது.

ஒரு நாள் அக்காவைத் தலைமைப் பொறியாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கேப்டன் எழுந்து நின்று, "உங்களால ஒரு உதவி ஆகணும்மா. சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ள நீங்க திருட்டுத்தனமா நுழையணும்" என்றார்.

"நானா?"

"உங்க முகம் அங்க யாருக்கும் தெரியாது. உங்களைப் பார்த்தா யாருக்கும் சந்தேகமும் வராது. நான் நல்லா யோசிச்சுட்டேன்."

"திருடின்னு என்னையா சார் தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்கும்போதே ஸ்கூட்டர் இழுக்கத் தொடங்கிவிட்டது. தலைமைப் பொறியாளர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். சிரித்து முடிக்கும்வரை கேப்டன் விறைப்பாகக் காத்திருந்தார். பிறகு ஒரு பொட்டலம் சிவப்பு வட்ட ஸ்டிக்கர்களைக் கொடுத்தார். உள்ளே எங்கெல்லாம் போக முடிகிறதோ அங்கெல்லாம் ஒன்று ஒட்டிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் கணவர் தையல்காரர். கீழே கடை, மேலே வீடு. வாயில் குண்டூசியோடு நிமிர்ந்து பார்த்தவர் விஷயத்தைக் கேட்டதும் குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "புடிச்சு போலீஸ்ல குடுத்துட்டா?" என்றார்.

"கேப்டன் இருக்காருங்க. அவரு சொல்லிக்குவாரு."

"அவரையும் சேர்த்துப் புடிச்சுட்டா?"

அந்த நேரம் நாத்தனார் உள்ளே வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருபவள். விஷயம் தெரிந்ததும் அண்ணனை ஓரங்கட்டிவிட்டுத் திட்டம் போட உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, எங்க ஆஸ்பத்திரிக்குத் தீயணைக்கிற சிலிண்டர் செக் பண்ண ஒருத்தர் வருவாரு. சாம்பல் கோட்டு, கையில ஒரு டார்ச்சு. எல்லா ரூமுக்குள்ளயும் போவாரு. நாங்க ஒருநாளும் நீ யாருன்னு கேட்டதே இல்ல."

"அது சரி, வாயைத் திறந்தா மாட்டிக்குவேனே. என் குரல்தான் அங்க எல்லாருக்கும் தெரியுமே!"

நாத்தனார் யோசித்தாள். கைப்பையில் இருந்து பஞ்சுச் சுருள் இரண்டை எடுத்தாள். "கடைவாய்ல அடக்கிக்குங்க. பல்லு புடுங்கினவங்க மாதிரியே பேச்சு வரும். பேசுங்க பார்ப்போம்."

அக்கா அடக்கிக்கொண்டு, "ஹிலிண்டர் பார்க்க வந்திருக்கேன்" என்றாள். மூவரும் சிரித்த சிரிப்பில் கணவர் அளவெடுக்கும் நாடாவைக் கீழே போட்டார். ஆனாலும் விடிவதற்குள் கோட்டு தயார். இரண்டு பை, காலர், முதுகுப் பக்கம் கச்சிதமாக ஒரு மடிப்பு. நிஜ ஆட்கள்கூட அத்தனை அழகாக உடுத்தியிருக்கமாட்டார்கள்.

மறுநாள் சுத்திகரிப்பு நிலையத்து வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கிய அக்கா கோட்டுக் காலரை இரண்டு மூன்று முறை சரிசெய்துகொண்டாள். அது பயமா, குதூகலமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கேட்டில் ஒரு இளம்பெண் காவலுக்கு நின்றாள். சீருடையில் ஒரு சுருக்கம் இல்லை.

"பாஸ் காட்டுங்க மேடம்."

"ஹிலிண்டர் செக்கிங்."

"என்னது?"

அக்கா கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "பல்லு" என்றாள்.

"பல்லுக்குப் பாஸ் இல்ல மேடம். சிலிண்டருக்கும் பாஸ் வேணும்."

இதோடு கதை முடிந்தது என்று அக்கா நினைத்தாள். இத்தனை நல்ல காவலாளியை வைத்துக்கொண்டு கேப்டன் எதற்குக் கவலைப்படுகிறார்? அதற்குள் படிகாரம் ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வர, காவல்காரப் பெண் அதைப் பார்க்கப் போனாள். அந்நேரம் பார்த்து உள்ளேயிருந்து வந்த பம்ப் ஹவுஸ் ஃபிட்டர் கோட்டைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அட, சிலிண்டர் செக்கிங்கா? எத்தனை தடவை எழுதிப் போட்டோம்! வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க" என்று விருந்தாளியை அழைப்பதுபோல் சிறு வாசல் வழியாக உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே போனதும் அக்கா ஒரு நிமிடம் தான் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துபோனாள். இத்தனை வருடமாகக் காகிதத்தில் கட்டம் கட்டமாகப் பார்த்த இடம் கண்முன்னே அலை அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரைத் தெளிய வைக்கும் தொட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு கல்யாண மண்டபத்தையே மூழ்கடிக்கும் அகலம். அதன் மேல் பாலம்போல் ஒரு நடைபாதை. ஒருவன் கைப்பிடியைப் பிடித்தபடி பாதுகாப்புச் சட்டையோடு நடந்துபோனான். இந்த ஷிப்டில் அந்த இடத்துக்கு அவள் போட்டிருந்தது முதுகுவலிக்காரனைத்தான். முதுகு நன்றாகத்தான் இருந்தது.

கன்ட்ரோல் ரூமில், சுவாசக் கருவி தொங்கிய அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். டீ வந்தது. பஞ்சோடு டீ குடிக்க முடியாமல் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "பாவம், பல்வலியோட வேலைக்கு வந்திருக்காங்க" என்று ஆபரேட்டர் உருகினார். ஊருக்கெல்லாம் தண்ணீரைத் திறந்து மூடும் திரைகளை ஒவ்வொன்றாக விளக்கிக் காட்டினார். அவர் திரும்பிய நேரத்தில் மேஜையடியில் ஒரு சிவப்பு வட்டம் ஒட்டியாகிவிட்டது. அடுத்தது மேனேஜர் அறை. ஆள் இல்லை, நாற்காலி இருந்தது. நாற்காலிக்கு ஒன்று.

பம்ப் ஹவுஸ் வாசலில் ஃபிட்டர் அவளை நிறுத்தி, காதுக்கு மூடி கொடுத்து, தலைக்கவசம் மாட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டார். திருடியாக வந்தவளுக்கு அதில் தனிப் பெருமை. உள்ளே போகுமுன், "தலைமை அலுவலகத்துல ஷிப்ட் அக்கான்னு ஒருத்தங்க இருக்காங்க, தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

அக்கா தலையை இல்லை என்று ஆட்டினாள்.

"ஆறடி உயரம்மா! இவ்ளோ பெரிய கண்ணாடி. போன மாசம் என்னைய மாஸ்க் போடற பயிற்சிக்கு அனுப்பி ரெண்டு நாளைப் பாழாக்கிட்டாங்க. முதுகுல சிலிண்டரைக் கட்டிக்கிட்டு ஏணியில ஏறச் சொன்னாங்க. எனக்கு எதுக்கு அது? நான் ஃபிட்டரு. ஆனா கோவிச்சுக்கவும் முடியல. ஃபோன்லயே சிரிச்சுக் கழுத்தறுத்துடுவாங்க."

ஐந்தடிகூட எட்டாத அக்கா உள்ளே ஓடினாள். நான்கு பம்புகளும் இரைந்துகொண்டிருந்த அந்த இரைச்சலில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயில் பஞ்சு அடைத்தபடியே கண்ணீர் வரச் சிரித்தாள். ஒரு ஈ காக்கைக்குக்கூடக் கேட்கவில்லை. வாழ்நாளில் இத்தனை நிம்மதியாக அவள் சிரித்ததில்லை. பம்புக்கு ஒன்று வீதம் ஒட்டிவிட்டு, காற்றில் மிதப்பதுபோல் வெளியே வந்தாள்.

கடைசியாகக் குளோரின் அறை. நிலையத்தின் ஓரத்தில் தனியாக ஒரு கட்டடம். மஞ்சள் கதவு, கண்ணாடி ஜன்னல், வெளிச்சுவரில் சிவப்புப் பொத்தானும் ஒலிபெருக்கிக்கான மைக்கும், கூரை மேல் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டும் துணிக்குழாய். வாசலில் ஒரு தாட்டியான மனிதர் சுவாசக் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்ததுமே அக்காவுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. வாரம் தவறாமல் ஃபோன் செய்து ஒரே கேள்வி கேட்பவர். 'அக்கா, ரெண்டாவது ஆள் எப்போ?' அக்காவும் ஒரே பதில் சொல்வாள். 'சீக்கிரம்ணே.'

"உள்ள வர முடியாதும்மா" என்றார் அவர். "குளோரின் சிலிண்டர் மாத்தணும். இதுக்கு ரெண்டு பேர் வேணும். எனக்கு ரெண்டாவது ஆள் இல்ல. தோட்டக்காரரைக் கூப்பிட்டு வெளிய நிக்க வெச்சுக்குவேன், அவரும் இன்னிக்கு வரல. நீங்க கொஞ்சம் நிக்கறீங்களா? ஒண்ணும் செய்ய வேண்டாம். உள்ள நான் விழுந்தா மட்டும் இந்தப் பொத்தானை அமுக்குங்க. உள்ள மட்டும் வந்துடாதீங்க."

சாதாரணமாகத்தான் சொன்னார், கடைக்குப் போய்வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதுபோல. அக்காவுக்குச் சுருக்கென்றது. காகிதத்தில் அந்தக் கட்டம் ஒரு ஆளால் நிரம்பியிருக்கும். நிரம்பிய கட்டத்தை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. அவளும் பார்த்ததில்லை. இங்கே அந்தக் கட்டத்துக்குத் தொப்பையும், வியர்த்த நெற்றியும், ஒரு பக்கம் தேய்ந்த செருப்பும் இருந்தன.

அவர் உள்ளே போனார். அவள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வால்வைத் திருகினார், பழைய சிலிண்டரில் இருந்து குழாயைக் கழற்றினார், புதிதில் மாட்டினார். திடீரென்று உள்ளே அலாரம் வீரிட்டது. அவர் குனிந்தார், நிமிர்ந்தார், ஸ்பேனரோடு மல்லுக்கட்டினார். வால்வு அசையவில்லை. கதவிடுக்கில் இருந்து மூக்கை அறுக்கும் வாடை மெல்ல வந்தது.

அக்கா பொத்தானை அமுக்கினாள். சங்கு ஊதியது. மைக்கைக் கையில் எடுத்தாள், கடைவாய்ப் பஞ்சு இரண்டையும் துப்பினாள்.

"எல்லாரும் கேளுங்க! குளோரின் ரூம்ல கசிவு. காத்து ஆத்துப் பக்கமா அடிக்குது. எல்லாரும் எதிர்ப்பக்கம், மேட்டுத் தொட்டிகிட்ட போங்க. ஃபிட்டர்ணே! சுவாசக் கருவி கன்ட்ரோல் ரூம் அலமாரியில இருக்கு. மாட்டிக்கிட்டு இங்க வாங்க. வெளிய இருக்கறவங்கள்ல பயிற்சி எடுத்தது நீங்க ஒருத்தர்தான். முதுகுவலித் தம்பி, தொட்டி மேலேருந்து இறங்கு, ஓடாதே, கைப்பிடியைப் புடிச்சு இறங்கு. கேட்ல எந்த லாரியையும் உள்ள விடாதீங்க. ஆய்வகத்துல ரெண்டு பேர் இருக்கீங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க!"

நிலையம் முழுக்க ஒரு கணம் சிலையாகிப் போனது. சங்கைக் கேட்டு அல்ல. ஷிப்ட் அக்காவின் குரல் ஆகாயத்தில் இருந்து வருகிறதே என்று! அப்புறம் எல்லோருடைய கால்களும் தானாக நகர்ந்தன. அந்தக் குரல் போகச் சொன்ன இடத்துக்குப் போய்த்தான் அவர்களுக்குப் பழக்கம்.

ஃபிட்டர் ஓடி வந்தார். முகமூடியைச் சரியாக இழுத்துக் கட்டி, ஒருமுறை சோதித்து, உள்ளே நுழைந்தார். இருவருமாகச் சேர்ந்து நெம்ப, வால்வு நகர்ந்தது. கசிவு நின்றது. இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்ததும்தான் அக்கா மைக்கைக் கீழே வைத்தாள்.

மேட்டுத் தொட்டியடியில் எல்லோரும் கூடினார்கள். அக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எண்ணினாள். யாரும் குறையவில்லை. ஆனால் ஒருவர் கூடுதலாக இருந்தார். மறுபடி எண்ணினாள். அப்போதும் கூடுதல். ஓரத்தில், தலையில் இருந்து கால்வரை படிகாரத் தூள் அப்பி, சுண்ணாம்பு அடித்த தூண்போல ஒருவர் நின்றார். தும்மினார். மீசை தெரிந்தது.

"கேப்டன் சார்! நீங்க எங்க இருந்தீங்க?"

"மூட்டைக்குப் பின்னால" என்றார் கேப்டன் கௌரவமாக. "கண்காணிச்சுக்கிட்டு இருந்தேன்."

அதற்குமேல் அக்காவால் முடியவில்லை. ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பியது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ஃபிட்டர் வாயைப் பிளந்தார். "ஐயோ, ஷிப்ட் அக்காவா? ஆறடி எங்கக்கா போச்சு?" முதுகுவலிக்காரன் கூட்டத்துக்குள் மெல்ல மறைந்தான். குளோரின்காரர் மட்டும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்போ, ரெண்டாவது ஆள் வந்தாச்சுன்னு சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை கோட்டுக் காலரைப் பிடித்தது. காவல்காரப் பெண்.

"பாஸ் இல்லாம எப்படி உள்ள வந்தீங்க மேடம்?"

"ஏம்மா, இவங்கதான் ஷிப்ட் அக்கா!" என்று பத்துக் குரல்கள் எழுந்தன.

"யாரா வேணும்னாலும் இருக்கட்டும். அட்டை எங்க? சார், உங்க அட்டையும்தான்."

கேப்டன் பையைத் தடவினார். அட்டை காரில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்த தலைமைப் பொறியாளர் பார்த்தது இதைத்தான்: காவல் அறை பெஞ்சில் வாரியத்தின் பாதுகாப்பு அதிகாரியும் ஷிப்ட் அக்காவும் பிடிபட்ட திருடர்களாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒருவர் தும்ம, மற்றவர் சிரிக்க, எதிரே ஒரு பெண் சிரிக்காமல் நின்றிருந்தாள். கேப்டன் அவளைப் பார்த்த பார்வையில், மகள் முதல் வகுப்பில் தேறிய அப்பாவின் பூரிப்பு.

அந்த வாரமே கூட்டம் போட்டார்கள். எத்தனை ஸ்டிக்கர், எந்தெந்தக் கதவு என்று பேச்சு ஓடியது. அக்கா எழுந்தாள்.

"திருடன் வர்றதுக்கு வழி இருக்கு சார், அதை அடைச்சிடலாம். ஆனா அந்தக் குளோரின் ரூம்ல ஒத்த ஆளு நிக்கறதை நினைச்சாதான் எனக்குத் தூக்கம் வரல. இனிமே ரெண்டு பேர் இல்லாம அந்தக் கட்டத்தை நான் நிரப்பமாட்டேன். காலியாவே விட்டுருவேன்."

"ஆளுக்கு எங்கம்மா போறது?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"நம்ம வரவேற்பு மேஜையில மூணு பேர் உட்கார்ந்து ஒரு மணியை அடிக்கிறாங்க சார். அதுக்கு ஒருத்தர் போதும். மத்த ரெண்டு பேரும் முன்னாடி நிலையத்துல இருந்தவங்கதான். பயிற்சி குடுத்து அனுப்பறேன். நிலையங்களுக்குப் புது ஆள் எடுக்கறதை நீங்க ஆரம்பிங்க."

கேப்டன் மீசையைத் தடவி, "பூட்டு போடறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறவன் உசிரோட இருக்கணும்" என்றார். அதோடு முடிவாயிற்று. வரவேற்பு மேஜைக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனார்கள், ஆனால் போனார்கள். வருடம் முடிவதற்குள் புது ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். காவல்காரப் பெண் இப்போது எல்லா நிலையத்துக் காவலர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறாள். ஊழியர்களே வெளியாளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனால் எப்படித் தடுப்பது என்பதுதான் அவள் நடத்தும் முதல் பாடம்.

அக்கா தனக்கென்று ஒன்றே ஒன்று கேட்டாள். வாரத்தில் ஒரு நாள் ஏதாவது ஒரு நிலையத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். கொடுத்தார்கள். அந்த நாளில் காலையிலேயே குளித்து முடித்து, ஊழியர் வேனில் ஓட்டுநருக்குப் பக்கத்து இடத்தைப் பிடித்துவிடுவாள். ஆற்றுப் பாலம் வந்ததும் பேச்சு நின்றுவிடும். வளைவு திரும்பி, தொட்டிகள் எல்லாம் காலை வெளிச்சத்தில் தகதகவென்று தெரியும்போது கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுப் பிடியில் கை வைத்துவிடுவாள்.

"அக்கா, வண்டி நிக்கட்டும்" என்பார் ஓட்டுநர். "நீங்களே விதியை மீறலாமா?"

"நின்னாச்சு நின்னாச்சு" என்று சொல்லிக்கொண்டே, வண்டி கடைசிக் குலுக்கல் குலுங்குவதற்குள் தரையில் குதித்திருப்பாள்.